மூக்கில் ஒரு ரூபாய்

அத்தியாயம் 9

"ஒரு கீறல் காட்டுங்கோ மேடம். ஒரே ஒரு கீறல். நான் இந்தத் தொப்பியைக் கழட்டி உங்க கையில தந்துட்டு ஆத்துக்குப் போயிடறேன், கேட்டேளா?"

சப்-இன்ஸ்பெக்டர் சேஷன் தன் தொப்பியைத் தட்டிக் காட்டினார். துப்பறியும் நிபுணர் சுசீலாபாய் தொப்பியைப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் முற்றத்துப் பலாமர நிழலில் நின்ற காரை, அதைக் கடித்துவிடப் போகிறவர் போல, முறைத்துக்கொண்டிருந்தார்.

கார் சிவப்பு. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஜப்பானில் பிறந்து, துபாயில் ஓடி, கப்பலேறி வந்த இரண்டு சீட் வண்டி. வந்தபோது வெள்ளை. அதன் சொந்தக்காரனான லிபின் என்ற இருபத்து மூன்று வயது வாலிபனுக்கு வெள்ளையும் பிடிக்கவில்லை, ஜப்பானும் பிடிக்கவில்லை. கோடிக்கணக்கில் விலை போகும் ஓர் இத்தாலியக் காரின் தோலை ஃபைபரில் செய்து இதன் மேல் மாட்டிவிட்டான். பாடி கிட் என்று அதற்குப் பெயர். முன்னால் கூரான மூக்கு. கதவோரம் காற்று உள்ளே போவதற்கு நீள நீளமாய்த் துவாரங்கள். துவாரத்துக்கு உள்ளே அடைப்பு, ஆகவே காற்று வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். பின்னால் நாலு புகைக்குழாய். புகை ஒன்றில் மட்டும். மூக்கின் நுனியில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய குதிரைச் சின்னம். குதிரைக்குக் காது கொஞ்சம் நீளம்.

ஆனால் சேஷன் சொன்னது உண்மை. மூக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

"பொன்முடி ரோட்டில் ஆளை இடிச்ச வண்டின்னா மூக்கு உடைஞ்சிருக்கும் அல்லே? இது உடைஞ்சிருக்கா? இல்லை. ரெண்டு மணிக்கு இந்தப் பையன் வண்டியை எடுத்துண்டு போவான். நாலு மணிக்கு சிவதாணுவை நான் மாஜிஸ்ட்ரேட் கிட்ட கொண்டு போவேன். கேஸ் குளோஸ்."

சுசீலாபாய்க்கு மூக்கின் மேல் வியர்த்தது. கோபம் வந்தால் அவருக்கு அங்கேதான் வியர்க்கும். இந்தக் கேஸ் கைக்கு வந்த நாலு நாளாய் அது உலரவில்லை.

விஷயம் இதுதான். எட்டு நாளைக்கு முன், சாயங்காலம், பொன்முடி ரோட்டின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில், எஸ்டேட் தொழிலாளி தாசம்மாளை ஒரு வண்டி இடித்துவிட்டுப் போய்விட்டது. இரண்டு காலும் முறிந்து அவள் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். "செவப்பு வண்டி, தவக்காளை மாதிரி தாழ்ந்து இருந்து" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்படி ஒரு வண்டி இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று போலீஸ் சொன்னது. சிவப்பாக இருந்தது எஸ்டேட் ஜீப். அதை ஓட்டுகிறவன் தாசம்மாளின் கணவன் சிவதாணு. ஜீப்பின் முன் பம்பர் இரண்டு வருஷமாகவே வளைந்திருந்தது. விபத்துக்கு முந்தின நாள், மீன்கறியில் உப்பு கூடிப்போனதற்காகப் புருஷனும் பெண்டாட்டியும் சத்தம் போட்டதை லைன் வீடுகளில் நாலு பேர் கேட்டிருந்தார்கள். உப்பு, பம்பர், சிவப்பு. சேஷன் மூன்றையும் சேர்த்துக் கொலை முயற்சி என்று பதினாலு பக்கம் எழுதிவிட்டார்.

ஜீப் உயரமானது, தவளை தாழ்ந்தது என்ற சின்ன வித்தியாசத்தை, "அடிபட்டவளுக்கு மயக்கம்" என்று பதினோராம் பக்கத்தில் சரிக்கட்டியிருந்தார். ரிக்கார்டுப்படி சிவதாணு கைதானது நேற்று. எட்டு நாளாய் அவன் லாக்கப்பில் இருப்பது ரிக்கார்டுக்கு இன்னும் தெரியாது.

கணவனை வெளியே கொண்டுவரச் சொல்லி சுசீலாபாய்க்கு ஆளனுப்பியவளே தாசம்மாள்தான். ஜில்லாவிலேயே இல்லாத அந்த வண்டியைத் தேடிப் பிடித்து ஸ்டேஷன் முற்றத்தில் நிற்க வைத்தவர் சுசீலாபாய்.

"அப்பம் இது என்னதாம் சாரே?" சுசீலாபாய் கைப்பையிலிருந்து உள்ளங்கை அளவு சிவப்புத் துண்டை எடுத்து நீட்டினார். வளைவில், ஓடைக்குள் கிடந்த ஃபைபர் துண்டு. "தாசம்மா விழுந்த எடத்துல கெடந்து."

"அது ஏதோ வள்ளத்தோட துண்டு. விழிஞ்சம் கரையில பாருங்கோ, எல்லா ஃபைபர் வள்ளமும் சிவப்புதான்."

"மூவாயிரம் அடி உயரத்துல வள்ளம்" என்றான் ஸ்ரீநிவாஸ். "ஷெரி சார், நான் அலை வந்த திசையை விசாரிக்கறேன்."

ஸ்ரீநிவாஸ், சுசீலாபாயின் உதவியாளன். ஸ்ரீவராகம் அக்ரகாரத்துப் பையன். பி.காம். படிப்பில் இன்னும் இரண்டு பேப்பர் அவனுக்காகக் காத்திருந்தன.

"நீ வாலாம்பாள் மாமி பிள்ளைதானே? மாமிகிட்ட சொல்றேன் இரு."

"சொல்லுங்கோ. வீட்டில நான் உத்தியோகம் பாக்கறேன்னு இன்னும் நம்பலை. போலீஸ் சொன்னா நம்புவா."

காரின் மேல் சாய்ந்து சூயிங்கம் மென்றுகொண்டிருந்த லிபின் இந்த இடத்தில் தானாக வாயைத் திறந்தான்.

"மேடத்துக்கு சம்சயம் இருந்தா கிட் செஞ்ச ஆளையே கேக்கலாம். திரவியம்ன்னு பேரு. விழிஞ்சத்துக்கு தெற்கே, கடப்புறத்துல ஷெட்டு. வள்ளம் கட்டுற ஆளு. ஒரு செட்டுதான் செஞ்சது. போய் கேளுங்க, நோ ப்ராப்ளம்."

சுசீலாபாய் திரும்பி நடந்து, தன் பழைய பத்மினி காரில் ஏறிக் கதவை அறைந்தார். கதவு மூடவில்லை. இன்னொரு முறை அறைந்தார்.

"மேடம்" என்றான் ஸ்ரீநிவாஸ், வண்டி கேட்டைத் தாண்டியதும். "கேக்கறதுக்கு முன்னாடியே விலாசம் தரான். பதிலையும் அங்கே முன்கூட்டியே கொண்டு வெச்சிருப்பான்."

"அதுக்குத்தான் போறோம். வெச்ச பதிலு எப்பிடி இருக்குன்னு பாக்க. வாயை மூடிட்டு இரி மக்கா, எனக்கு நெஞ்சு எரியுது."

சுசீலாபாய் பதினேழு வருஷம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு விபத்து வண்டிகளை அளந்து ரிப்போர்ட் எழுதியவர். ஒரு நாள், பெரிய நசுங்கலைச் சின்ன நசுங்கலென்று எழுதச் சொன்னார்கள். பேப்பரை நாலாய்க் கிழித்து மானேஜர் குடித்துக்கொண்டிருந்த டீக்குள் போட்டுவிட்டு இறங்கி வந்து, திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மூன்றாம் மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். அன்றைய கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை, வழியில் அவர் முந்திச் சென்ற ஒவ்வொரு பஸ்காரனும் தெரிந்துகொண்டான்.

* * *

ஷெட்டுக்குள் நுழைவதற்கு முன்பே வாசனை வந்து மூக்கைப் பிடித்தது. ரெசின். ஒரு தடவை ஏறினால் மத்தியானச் சோறு வரைக்கும் இறங்காது.

திரவியத்துக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி நார் குத்தாமலிருக்க முழங்கை வரை தேங்காயெண்ணெய் தடவியிருந்தார். பெரிய வள்ள அச்சு ஒன்றுக்குள் முட்டி போட்டு, வெள்ளை நார்ப்பாயை விரித்து, பிரஷால் ரெசினைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நார்ப்பாய் ஒன்று, ரெசின், மறுபடி நார்ப்பாய். காய்ந்ததும் அச்சிலிருந்து தட்டி எடுத்தால் வள்ளம்.

"காருக்கும் இதே வேலைதானா?" சுசீலாபாய் கேட்டார்.

"இதேதான். துபாய்லேர்ந்து கிட்டு பெட்டியில வந்து, வரும்பமே ஒடைஞ்சு கெடந்து. அந்த ஒடைசலை ஒட்டவெச்சு, அதுலேர்ந்து அச்சு எடுத்து, புதுசு வார்த்தேன். பழைய பம்பரைக் கழட்டிட்டு, மூக்கை வெச்சு ஏழு போல்ட்டு. நேரா இருக்கவே இருக்காது. ஒரு பக்கம் சேந்தா மறுபக்கம் வாயைப் பொளக்கும். மூணு நாளு உரசிட்டுக் கெடந்தேன்." அவர் சொல்லிக்கொண்டே மடியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். வள்ளத்தின் முன்முனையான அணியத்துக்குப் போய், இரண்டாவது நார்ப்பாய்க்கும் மூன்றாவதுக்கும் நடுவே அதை வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, மேலே ரெசின் பூசினார்.

"அது என்னத்துக்கு?"

"அணியத்துக்கு. கடலைப் பாத்துட்டுப் போகுத முகம்லா. வெறும் முகமா அனுப்பப்பிடாது."

"கார் மூக்குல?"

"அதும் முகந்தானே மேடம். பின்னே? வெச்சேன்." குரலில் பெருமை இருந்தது. "முப்பது கொல்லம் ஆச்சு, இருபத்தஞ்சு வயசுல தொடங்கினது. வெக்காம ஒரு அணியமும் இந்த ஷெட்ட விட்டு எறங்கினதில்லை."

"எத்தனை மூக்கு செஞ்சீரு?"

"ஒண்ணு." பிரஷ் நின்றது. "ஒண்ணே ஒண்ணு."

"அச்சு எங்கே?"

"உடைச்சாச்சு. எடம் இல்லை."

ஸ்ரீநிவாஸ் சுற்றிப் பார்த்தான். ஷெட்டின் பின்சுவர் முழுக்கப் பழைய அச்சுகள். இனி யாரும் கேட்டு வராத சின்னத் தோணி ஒன்றின் அச்சு. தண்ணீர்த் தொட்டி அச்சு. ஒரு குளியல் தொட்டி அச்சுகூட இருந்தது. அதில் ஒரு பூனை குடியிருந்தது.

"அந்தத் தொட்டிக்கு எடம் இருக்கு, அண்ணாச்சி" என்றான். "பூனைக்கு எடம் இருக்கு. ஒரு கார் மூக்குக்கு மட்டும் இல்லாமப் போயிடுத்தா?"

திரவியம் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். வேட்டியெல்லாம் நார் குத்தும் என்று தெரிந்தும் துடைத்தார்.

வெளியே வந்ததும் ஸ்ரீநிவாஸ் கையை நீட்டினான். "அந்தத் துண்டைத் தாங்கோ."

சுசீலாபாய் கைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார். மேல்பக்கம் சிவப்பு பெயின்ட், வழவழப்பு. உள்பக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பின் நடுவே, இத்தனை நாளாய் வேலை சுத்தமில்லை என்று நினைத்துக் கவனிக்காமல் விட்டிருந்த ஒரு புடைப்பு. வட்டமாக இருந்தது.

"சாவி இருக்கா மேடம்? சுரண்டிப் பாத்துடலாம்."

"சுரண்டினா கையை ஒடிப்பேன். நாமதான் உள்ள காசை வெச்சு ஒட்டினோம்ன்னு அந்த சேஷன் பதினஞ்சாம் பக்கம் எழுதுவான்." அவர் கண்கள் சுருங்கின. "லே ஸ்ரீ. இது அந்த மூக்குக்க துண்டுன்னு வெச்சுக்கோ. இதுக்குள்ள ஒரு காசு. இப்பம் அந்தக் கார்ல மாட்டியிருக்க மூக்குலயும் ஒரு காசு இருந்தா?"

"ரெண்டு காசு."

"ரெண்டு காசுன்னா ரெண்டு மூக்கு. ஒடைஞ்சது ஒண்ணு, மாட்டினது ஒண்ணு. இந்தாளு ஒண்ணுதான்னு சொல்லுதாரு. இந்த ஒரு பொய்யை ஸ்டேஷன்ல வெச்சு எழுதி வாங்கினா போதும்."

ஸ்டேஷனுக்கு வரத் திரவியம் மறுக்கவில்லை. வந்து இதையே சொல்லவேண்டும் என்று அவரிடம் ஏற்கெனவே யாரோ சொல்லி வைத்திருந்ததுபோல, சட்டையை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். பாதி வழியில் சுசீலாபாய், கண்ணாடியில் அவரைப் பார்க்காமலே சொன்னார்:

"ரெண்டு காலும் முறிஞ்சாச்சு. இனி கொழுந்து நுள்ள மலையேற முடியாது. பெத்த பிள்ளை இல்லை. இருந்தது கெட்டின மாப்பிள்ளை ஒருத்தன். அவனையும் கொண்டு லாக்கப்புல போட்டாச்சு."

திரவியம் வெளியே பார்த்தார். வெளியே ரப்பர் மரங்கள்தான் இருந்தன.

* * *

மணி ஒன்றே முக்கால். சேஷனுக்கு அன்று போல் உற்சாகம் என்றும் வந்ததில்லை. திரவியம் சொல்லச் சொல்ல, தானே எழுதினார். 'மேற்படி காருக்கு நான் ஒரே ஒரு மூக்குதான் செய்தேன். என் வழக்கப்படி அதற்குள் என் கையாலேயே ஒரு ரூபாய் நாணயம் வைத்தேன்.' கீழே திரவியத்தின் கையெழுத்து. அதன் கீழே சேஷனின் கையெழுத்து, ஒரு சுழி அதிகமாக.

"இவ்வளவு பெட்ரோல் செலவு பண்ணி என் கேஸையே பலப்படுத்தித் தந்துட்டேளே மேடம். எங்க டிப்பார்ட்மென்ட்லகூட இப்படி ஆள் கிடையாது."

"உங்க ஜீப்பு டேஷ்போர்டுல ஒரு பிள்ளையாரு இருக்காருல்லா?" சுசீலாபாய் கேட்டார்.

"ஆமாம். ஏன்?"

"எடுத்துட்டு வாரும்."

"நீங்கோ சர்ச்சுக்குப் போறவா—"

"நான் கும்பிடக் கேக்கல்ல. அவருக்க அடியில ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். ரூபாய்க் காசு எஃகு. ஃபைபருல காந்தம் ஒட்டாது; உள்ள காசு இருந்தா ஒட்டும்." அவர் முற்றத்துக்கு நடந்துகொண்டே தன் கணக்கை உரக்கச் சொன்னார். ஓடையில் கிடந்த துண்டுக்குள் ஒரு காசு, மூக்குக்குள் ஒரு காசு, ஆகமொத்தம் இரண்டு மூக்கு. "ஒட்டிச்சுன்னா சிவதாணுவை இப்பமே வெளிய விடணும். ஒத்துக்கிடுதீரா?"

சேஷன் லிபினைப் பார்த்தார். லிபின் தோளைக் குலுக்கினான். சூயிங்கம் மட்டும் ஒரு வினாடி நின்றது.

"ஒட்டட்டும்" என்றார் சேஷன். "ஒட்டினா நானே கதவைத் திறக்கறேன்."

பிள்ளையார் வந்தார். கட்டைவிரல் உயரம், வெள்ளை உலோகம். எங்கே வைத்தீர் என்று சுசீலாபாய் கேட்க, குதிரைச் சின்னத்துக்கு ஒரு சாண் கீழே திரவியம் விரலைக் காட்டினார். விரல் காரைத் தொடவில்லை.

சுசீலாபாய் பிள்ளையாரை அங்கே வைத்துக் கையை எடுத்தார்.

பிள்ளையார் வழுக்கினார். ஸ்ரீநிவாஸ் பாய்ந்து பிடித்தான்.

மறுபடி வைத்தார். இடது பக்கம், வலது பக்கம், மேலே, கீழே. மூக்கு முழுவதும் ஓர் அங்குலம் விடாமல் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பிள்ளையார் இறங்கி வந்துவிட்டார். ஏழாவது தடவைக்கு ஸ்ரீநிவாஸின் கை தரையிலேயே காத்திருந்தது.

காசு இல்லை.

சேஷன் சிரித்த சிரிப்பில் பலாமரத்துக் காக்கை இடம் மாறியது. "விக்னேஸ்வரனே கைவிட்டுட்டார்! ரெண்டு காசு, ரெண்டு மூக்கு... என்ன ஒரு கதை! டேய் லிபின், சாவியை வாங்கிக்கோ. ஏட்டு, அந்த சிவதாணுவைச் சட்டை மாத்தச் சொல்லு, கோர்ட்டுக்குக் கிளம்பணும்."

லிபின் காரின் கதவைத் திறந்தான். சுசீலாபாய் பிள்ளையாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூக்கில் வியர்வை இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"சார்" என்றான் ஸ்ரீநிவாஸ் மெதுவாக. "அந்தப் பேப்பரை ஒரு தடவை வாசிக்கறேளா? நீங்கோ எழுதினதுதான். கையெழுத்துகூட அழகா இருக்கு."

"என்னடா?"

"செஞ்சது ஒரே மூக்கு. அதுக்குள்ளே காசு வெச்சார். அப்படித்தானே? இந்த மூக்குல காசு இல்லை." அவன் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "அப்போ அந்த ஒரே மூக்கு எங்கே சார்? இங்கே நிக்கறது யாரோட மூக்கு?"

சேஷனின் வாய் சிரிப்பில் திறந்தபடியே நின்றுவிட்டது.

சுசீலாபாய் கைப்பையைத் திறந்தார். சிவப்புத் துண்டை எடுத்து போலீஸ் ஜீப்பின் பானட்டில், சொரசொரப்புப் பக்கம் மேலே தெரிய வைத்தார். பிள்ளையாரை அதன் புடைப்பின் மேல் கொண்டுபோனார். டக். பிள்ளையாரைத் தூக்கினார். துண்டும் கூடவே எழும்பி, பிள்ளையாரின் காலடியில் தொங்கி ஆடியது.

"நான் தப்பாக் கணக்குப் போட்டேன்" என்றார் சுசீலாபாய். "ரெண்டு காசுன்னு நெனச்சேன். இருந்தது ஒரு காசுதான். அது தாசம்மா விழுந்த எடத்துல கெடந்து."

லிபின் கதவை மூடினான். மூளை வேகமாய் வேலை செய்வது கழுத்தில் தெரிந்தது.

"சாரே, அது வேற ஏதோ வள்ளத்தோட துண்டு. இந்த ஆளு எல்லா வள்ளத்துலயும் காசு வெக்கும்ல? என் வண்டியில வெக்க மறந்துபோயிருக்கும். அத்ரே உள்ளு, அவ்வளவுதான்." அவன் திரவியத்தின் தோளில் தட்டினான். "அங்கிளுக்கு வயசாயில்லே? மறந்துபோச்சு, அல்லே அங்கிள்?"

திரவியம் தோளில் இருந்த கையைப் பார்த்தார். பிறகு அந்தக் கையின் சொந்தக்காரனைப் பார்த்தார். வந்ததிலிருந்து குனிந்தே இருந்த மனிதர் முதல் முறையாக நிமிர்ந்தார்.

"ஆருக்கு மறந்து?"

"இல்ல அங்கிள், நான்—"

"எனக்கா மறந்து? முப்பது கொல்லமா கடல்ல போன ஒவ்வொரு அணியத்துலயும் எனக்கக் காசு இருக்குலே! வெள்ளத்துக்கு அடியில போனதுலகூட இருக்கு! எனக்கா மறந்து?" லிபினின் கையைத் தோளிலிருந்து தட்டிவிட்டார். "மறக்கல்ல. வெக்கல்ல. வேணும்ன்னே வெக்கல்ல!"

"அங்கிள், பப்பாகிட்ட—"

"உனக்க பப்பாகிட்ட போய்ச் சொல்லு! ஷெட்டு நிக்குத எடம் அவருக்குள்ளது. பிடுங்கட்டும். நான் கரையில கெடந்து வள்ளம் கெட்டுவேன்." அவர் சேஷன் பக்கம் திரும்பினார். "சாரே, எழுதும். மொதல்ல எழுதினதைக் கிழியும். ரெண்டு மூக்கு செஞ்சேன். எட்டு நாளைக்கு முன்ன ஒடைஞ்ச மூக்கைச் சாக்குல கெட்டிக் கொண்டுவந்தான் இவன். கல்லுல இடிச்சுன்னு சொன்னான். ஃபைபரு ஒடைஞ்சா நாரு பிரிஞ்சு நிக்கும் பாத்துக்கிடும், சீப்புப்பல்லு போல. அந்த நாருல ஒரு துணி சிக்கிக் கெடந்து. சேலத்துணி. மஞ்சப்பூ போட்டது." அவர் லிபினின் முகத்துக்கு நேரே திரும்பினார். "கல்லு சேலை உடுத்துமாலே? சொல்லு! எந்த ஊருக் கல்லுலே சேலை உடுத்துது?"

லிபின் ஓர் அடி பின்வாங்கினான்.

"ஒத்த நாளுல வேணும்ன்னு தலைக்குமேல நின்னான். செஞ்சேன். வயித்துக்காகச் செஞ்சேன். காசைக் கையில எடுத்தேன். வெக்க ஒத்துக்கல்ல மனசு. பொம்பளையை அடிச்சுப் போட்டுட்டு ஓடின முகத்துக்கு எனக்கக் காசு எதுக்குன்னு மடியில திரும்பி வெச்சேன். அச்சையும் அன்னைக்கே ஒடைச்சேன், மூணாமதும் கேட்டுட்டு வந்திரப்பிடாதுன்னு. ஒடைஞ்சதை எரிக்கச் சொல்லிட்டுப் போனான். எரிக்கல்ல. ஷெட்டுக்குப் பொறத்த கவுத்துப் போட்ட வள்ளத்துக்கு அடியில கெடக்கு. துணியோட கெடக்கு. போய் எடுத்துக்கிடும்."

லிபின் செல்போனை எடுத்தான். அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதிருந்த ஏட்டு, சேஷன் சொல்லாமலே அதை அவன் கையிலிருந்து வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

சேஷனின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது. நியாயம் கெட்டுப்போனதற்கு வந்த சிவப்பு என்று சொல்லத்தான் ஆசை. பதினாலு பக்கம் வீணானதற்கு வந்த சிவப்பு அது.

"பதினாலு பக்கம்டா!" என்று லிபினின் காலரைப் பிடித்தார். "கார்பன் வெச்சு! மூணு காப்பி!"

* * *

மணி மூன்று. ஏட்டும் ஒரு கான்ஸ்டபிளும் திரவியத்தோடு கடப்புறத்துக்குப் போயிருந்தார்கள். லாக்கப்பில் ஆள் மாறியிருந்தது. சேஷன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரில் நின்ற சிவதாணுவைப் பார்க்காமல் பேசினார்.

"அப்போ நீ போகலாம். ஷரி? ஏதோ தெற்றிதாரணை, தப்பா நெனச்சுட்டோம். பெரிசா எடுத்துக்க வேண்டாம்."

சிவதாணு நாற்பது வயது ஒல்லி மனிதன். எட்டு நாள் தாடி. காக்கிச் சட்டையின் இரண்டு பொத்தான்கள் இல்லை. அவை எப்படிப் போயின என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை.

"எங்க போகட்டு?"

"வீட்டுக்கு."

"வீட்டுல ஆரு இருக்கா?"

சேஷன் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார்.

"எட்டு நாளு" என்றான் சிவதாணு. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும். "அவளுக்கு வெள்ளம் கோரிக் குடுத்தது ஆரு? திருப்பிப் படுக்க வெச்சது ஆரு? நான் வண்டிய ஏத்தினேன்னு நீங்க ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லியாச்சு. பக்கத்துக் கட்டில்காரி அவளைப் பாத்து, இப்பிடிப்பட்டவனுக்கா நீ வாக்கப்பட்டன்னு கேட்டிருப்பா. அவ என்ன பதிலு சொல்லியிருப்பா?"

"அவ பதில் சொல்லல்ல" என்றார் சுசீலாபாய். "ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டா."

சிவதாணு அவரைப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு மேசையில் இரண்டு கையையும் ஊன்றினான்.

"நீரு வரணும் சாரே. வந்து அவ கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு, வார்டு கேக்குத மாதிரிச் சொல்லணும். 'உனக்க மாப்பிள்ளை இடிக்கல்ல, நான் எழுதினது பொய்'ன்னு. இந்தத் தொப்பியோட வந்து சொல்லணும்."

"பாக்கலாம். நாளைக்கு—"

"இப்பம்."

"டிரைவர் ஊணு சாப்பிடப் போயிருக்கான்பா. ஜீப்பை ஓட்ட ஆளில்லை."

சிவதாணு கையை நீட்டினான். உள்ளங்கை மேல்பக்கமாக, சாவிக்காக.

"நான் டிரைவரு."

சேஷன் சுசீலாபாயைப் பார்த்தார். சுசீலாபாய் கூரையைப் பார்த்தார். ஸ்ரீநிவாஸ் மட்டும் அனுதாபத்தோடு சொன்னான்: "பயப்படாதேள் சார். இவர் ஆள் மேல வண்டியை ஏத்தினவர் இல்லைன்னு நீங்கதானே இப்போ எழுதறேள்?"

சாவி கை மாறியது.

ஆஸ்பத்திரிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். சிவதாணு இருக்கையைத் தன் காலுக்கு இழுத்து வைத்தான். கண்ணாடியைச் சரிசெய்தான். முன்சீட்டில் சேஷன் தொப்பியோடு உட்கார்ந்தார். பின்னால் பத்மினியில் சுசீலாபாயும் ஸ்ரீநிவாஸும்.

ஜீப் இருபதைத் தாண்டவில்லை. பள்ளிக்கூடம் விட்ட நேரம். ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, நின்று, எட்டிப் பார்த்து, பிறகு நகர்ந்தது. தலையில் விறகுக் கட்டோடு ஒரு கிழவி குறுக்கே வந்தாள். ஜீப் நின்றது. அவள் ரோட்டைக் கடந்து, விறகை இறக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுபடி தூக்கி வைத்து நடக்கும் வரை நின்றது. பின்னால் ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் அலறியது.

சேஷன் கடிகாரத்தைப் பார்த்தார். பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"கொஞ்சம் வேகமாப் போகலாமேப்பா?"

சிவதாணு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆளு நடக்குத ரோடு, சாரே."